ஸைக்கிள் சவாரியும் உயிராபத்தும்

தேகாரோக்கியத்தை உத்தேசித்தும் மனோல்லாஸத்திற்காகவும் விடியற்காலையில் ஸைக்கிள் சவாரி செய்வோர் தொகை சென்னையில் பெருகியிருக்கிறது. இது மிகவும் நல்ல பழக்கம். ஆயினும் அவர்களில் ஒருவர் சாலையில் அடிபட்டு வீழ்ந்தால், "பிழைப்புக்கா போனார்? பொழுதுபோக்குக்குத்தானே!" என்று சொல்லிக் கைகழுவிவிடுவோர் பலர். இந்த மனோபாவத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2013-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் டில்லியில், சுற்றுச்சூழல் நிபுணரான ஸ்ரீமதி சுனிதா நாராயண் காலையில் ஸைக்கிளில் செல்லுகையில் கார் மோதிப் படுகாயமுற்றார். மோதிய வண்டி நிற்கவில்லை. வழிப்போக்கர்களே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தனர். 2024-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி நவி மும்பையில், கணிப்பொறித் துறையில் பெயர் பெற்ற ஸ்ரீ அவதார் ஸைனி, தமது 68-வது வயதில், வாடகைக் கார் மோதி மாண்டார். பிரமுகர்களின் கதி இதுவானால் ஏனையோரைப் பற்றிக் கேட்பானேன்? 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இத்தேசத்துச் சாலைகளில் மடிந்த 1,68,491 பேரில் 4,800-க்கு மேற்பட்டோர் ஸைக்கிளில் சென்றவர்கள். வேலைக்குச் செல்பவன், உல்லாஸமாகச் செல்பவன் என்ற பேதம் லாரிச் சக்கரத்திற்குத் தெரியாது.

சாத்தாங்காட்டைப் பாருங்கள். இங்கே இரும்புச் சந்தை; அருகே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை; அப்பால் எண்ணூர்த் துறைமுகம். இவற்றிற்கெல்லாம் செல்லும் டிரெயிலர்களுக்கும் ஸைக்கிளுக்கும் ஒரே பாதை. நீண்ட டிரெயிலர் இடப்புறம் திரும்புகையில், பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலே வருவதில்லை. உட்புறமாக ஒதுங்கி வருகிறது. ஒட்டி வரும் ஸைக்கிள் டிரைவரின் கண்ணாடியிலும் தெரிவதில்லை. வண்டியின் பக்கத்தில் தடுப்பு இல்லாவிடில், சரிந்து விழுபவர் சக்கரத்தின் கீழேதான் விழுவார். சாலையோரத்தை லாரிகள் அடைத்து நின்றாலோ, ஸைக்கிள்காரர் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறார்.

சவாரி செய்வோருக்கும் கடமைகள் உண்டு. முன்னும் பின்னும் விளக்கு வேண்டும்; திருப்பங்களில் லாரிக்கு இடப்புறம் நுழையலாகாது; தண்டவாளத்தைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும். தலைக்கவசமும் அவசியமே. ஆனால் விழுந்த அடியைத் தாங்கும் கவசம், பல டன் பாரத்தைத் தாங்குமா? தற்காப்பைப் பிரஜையிடம் ஒப்புவித்துவிட்டு அதிகாரிகள் ஒதுங்கியிருப்பது நியாயமன்று.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, காயமுற்றவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வதை டிரைவரின் கடமையாக்குகிறது. 2019-ல் சேர்க்கப்பட்ட 134-அ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவ முன்வருவோருக்குப் பாதுகாப்பளிக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிஸம்பரில் துவங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிற்று. அடிபட்டவரைக் கண்டும் அஞ்சி ஒதுங்குவதற்கு இனி எவருக்கும் காரணமில்லை.

ஆனால் சிகிச்சையினும் தடுப்பே மேல். நடப்போருக்கும் ஸைக்கிளில் செல்வோருக்கும் முதலிடம் தருவதாகச் சென்னைக் கார்ப்பரேஷன் 2014-ல் ஒரு கொள்கையை ஏற்றது. அது அடையாற்றுக்கும் அண்ணாநகருக்கும் மட்டும் எழுதப்பட்டதன்று. சாத்தாங்காட்டுச் சாலைகளில் ஸைக்கிளுக்குத் தனிப்பாதை, லாரிகள் நிற்கத் தனியிடம், டிரெயிலர்களில் பக்கத் தடுப்பு உண்டா என்ற சோதனை: இம்மூன்றையும் தாமதமின்றிச் செய்ய வேண்டுமென நாம் வற்புறுத்துகிறோம். உழைப்பவனுக்கும் உலாவப் போகிறவனுக்கும் சாலையில் உரிமை ஒன்றே. அந்த உரிமையை ஜனங்கள் கேட்டுப் பெறவேண்டும்.