பழைய விமானமும் பதினாறு வயதும்

அண்மையில் நமது கலந்துரையாடல் அரங்கில் ஒரு தாயார் கேட்டார்: "படிக்கிற பிள்ளையின் கையில் ஸ்பேனரைக் கொடுப்பானேன்?" நேரம் போதாததால் அங்கே விரிவாகப் பேச இயலவில்லை. இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவில் சில பள்ளிகளும் விமான ஆர்வலர் சங்கங்களும் பதின்ம வயதினரைக் கொண்டே பழைய சிறு விமானங்களைப் புதுப்பிக்கின்றன. அதற்கு ஏற்றது பைப்பர் கப். 1947-இல் உற்பத்தி நிற்பதற்குள் ஏறத்தாழ 20,000 விமானங்கள் செய்யப்பட்டன. இருவர் அமரலாம், எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி, அவ்வளவுதான். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதுகூட, தக்கையில் செருகி மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. எரிபொருள் குறையக் குறையக் கம்பியும் இறங்கும். அதைக் கழற்றிப் பார்த்த பிள்ளைக்கு மிதப்பு விசையைத் தனியாக விளக்க வேண்டுமா, என்ன?

துணி போர்த்துவதுதான் சுவையான வேலை. பாலியெஸ்டர் துணியைச் சட்டத்தில் ஒட்டி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால், அது சுருங்கி மேளத்தோல்போல் விறைக்கும். சூடு 350 பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 177 செல்சியஸைத் தாண்டினாலோ துணி தளரத் தொடங்கிவிடும். அப்புறம் உரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்த வேண்டியதுதான். ஆகவே, பெட்டியிலுள்ள எண்ணை நம்பாமல் வெப்பமானியால் அளந்த பிறகே மாணவர்கள் துணியில் கை வைக்கிறார்கள்.

பிள்ளைகள் செய்த விமானத்தில் யார் ஏறுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அமெரிக்க விதிப்படி உரிமம் இல்லாதவரும் விமானத்தில் வேலை செய்யலாம். ஆனால், உரிமம் பெற்ற மெக்கானிக் அதை நேரில் கண்காணிக்க வேண்டும். கேட்டால் உடனே வந்து உதவும் தொலைவில் இருக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்திடுபவரும் அவரே. தம் பெயரைப் போடுகிறவர் திருப்தி அடையாவிட்டால், ஒரு மாத வேலையையும் பிரிக்கச் சொல்வார். பள்ளித் தேர்வில் 80 மதிப்பெண் வாங்கினால் நாம் பாராட்டுகிறோம். பத்துத் திருகில் எட்டை மட்டும் இறுக்கியவனுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான்.

அங்கே 16 வயதில் தனியாக விமானம் ஓட்டலாம். 17-இல் தனியார் விமானி உரிமம் பெறலாம். மெக்கானிக் உரிமத்துக்கு 18 வயது ஆகவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் படிக்காதவர், விமான உடல், இயந்திரம் இரண்டிலும் சேர்த்து 30 மாத அனுபவம் காட்ட வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் முதல் நாளே ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, செய்த வேலையையும் நேரத்தையும் எழுதிவைக்கச் சொல்கிறார்கள்.