வாப்பா வீட்டில் இருக்கும் இரவு



இரவு இரண்டு மணி. வாசலில் வான் வந்து நிற்கிறது. பெட்டிகளை இறக்கும் சத்தம், வயர்ச் சுருள்களைத் திண்ணையில் போடும் சத்தம். உம்மா எழுந்து சோற்றைச் சூடாக்குகிறாள். பிள்ளைகள் உறக்கத்தில். காலையில் அவர்கள் பாடசாலைக்குப் புறப்படும்போது வாப்பா உறக்கத்தில். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் பிள்ளைகள் வாப்பாவின் முகத்தைக் காண்பது வெள்ளிக்கிழமையில் மட்டும்!

கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், பாடசாலை விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுபவர் முதலில் வரவேண்டும், கடைசியில் போகவேண்டும். வன்னியில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. வவுனியாவில் இருப்பவர் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சாமான்களை ஏற்றிப் போய், விடிய விடிய விழித்திருந்துவிட்டுத் திரும்புகிறார். ஊரார் வீட்டு மகிழ்ச்சிக்கெல்லாம் குரல் கொடுத்தவர், தன் மகள் முதன்முதலாகக் குர்ஆன் ஓதி முடித்த நாளில் வேறொரு ஊரின் மேடைக்குப் பின்னால் நின்றிருப்பார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள், "இனி இந்த இரவு வேலை போதும், பிள்ளைகளோடு இருக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்வது? மகிழ்வதா? அடுத்த மாதச் செலவை எண்ணிப் பயப்படுவதா? இரண்டும் மனித இயல்புதான். இதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

குடும்பத்திற்கும் உரிமை உண்டு

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு சம்பவம் நாம் அறிந்ததே. ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றார்கள். உம்முதர்தா (ரலி) அவர்கள் தம்மைக் கவனிக்காமல் பழைய உடையில் இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். தம் கணவருக்கு இவ்வுலகில் நாட்டமே இல்லை என்பது பதிலாக வந்தது. அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தவர்கள். ஸல்மான் (ரலி) அன்று அவர்களை உண்ண வைத்து, உறங்க வைத்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பித் தொழ வைத்தார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் உங்கள் மீது உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடுங்கள் என்ற கருத்தில் அறிவுரையும் கூறினார்கள். ஸல்மான் உண்மையையே சொன்னார் என்று நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றார்கள்.

சிந்தியுங்கள் சகோதரிகளே! இரவு முழுவதும் வணக்கத்தில் கழிந்தாலே குடும்பத்தின் உரிமை கேட்கப்படுகிறது. தொழிலில் கழியும் இரவுகளுக்குக் கேள்வி இல்லாமல் போகுமா?

வன்னியின் பிரிவுக் கதை

எங்கள் வடபுலத்து முஸ்லிம்களுக்குக் குடும்பம் ஒன்றாக இருப்பது எளிதில் கிடைத்த பாக்கியமல்ல. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் எங்கும் இருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் மக்களை ஒன்றுகூடச் சொன்ன அறிவிப்பும் ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்தது. வெளியேறியவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். வன்னியில் தங்கிய தமிழ் மக்களும் மின்சாரமின்றி, பற்றரியும் கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது.

2009இல் போர் முடிந்த பின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களுக்குச் சிலர் திரும்பினார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், காணியும் பிழைப்பும் வன்னியில் என்று பல குடும்பங்கள் இரண்டு இடத்தில் வாழ நேர்ந்தது. இத்தனை பிரிவைக் கண்ட சமூகத்தில், ஒரே வீட்டில் இருந்துகொண்டே தந்தையும் பிள்ளையும் பிரிந்திருப்பது இன்னும் வருத்தமானதல்லவா?

காதும் ஓர் அமானிதம்

இந்தத் தொழில் இரவை மட்டும் எடுப்பதில்லை, காதையும் எடுக்கிறது. நம் உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பினுள் சுமார் 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. பேரிரைச்சலில் இவை சிதைந்தால் திரும்ப முளைப்பதில்லை. 85 டெசிபெல் ஒலியை ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி. 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிடந்தான்! மேடை அருகே பெரிய பெட்டிகளின் முன் 100 டெசிபெல் என்பது சாதாரணம். அங்கே இவர்கள் நிற்பதோ ஐந்தாறு மணி நேரம்.

முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான். அதாவது பெண்களின் குரலும் சிறு பிள்ளைகளின் குரலும். அரபு எழுத்துகளில் 'ஸீன்', 'ஃபா' போன்ற மெல்லிய உச்சரிப்புகளும் இதில் அடங்கும். பிள்ளை ஓதிக் காட்டுகிறது. வாப்பாவுக்கு எழுத்தின் வேறுபாடு விளங்கவில்லை. தன் குழந்தையின் ஓதலையே திருத்த முடியாமல் போவதைவிட ஒரு தந்தைக்கு வேறென்ன நஷ்டம் வேண்டும்?

வேலை முடிந்து வந்ததும் காதில் ரீங்காரம், வானொலியை உரக்க வைத்தல், கூட்டத்தில் நாம் பேசுவதற்கு "என்ன? என்ன?" என்று கேட்டல் ஆகியவை அடையாளங்கள். "கவனிக்காமல் இருக்கிறார்" என்று கோபிக்காதீர்கள். காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். செவிப்புலன் அல்லாஹ் தந்த அருட்கொடை என்றும், அதைப் பற்றிக் கேள்வி உண்டு என்றும் திருக்குர்ஆன் நினைவூட்டுகிறது.

மேடையை விட்டு வந்த ஒருவர்

லண்டனில் 1948இல் பிறந்து, கெட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற பாடகர் 1977 டிசம்பரில் இஸ்லாத்தைத் தழுவி யூஸுஃப் இஸ்லாம் ஆனார். 1979 செப்டம்பரில் திருமணம். அதே ஆண்டு நவம்பர் 22இல் வெம்பிளி அரங்கில் சர்வதேசச் சிறுவர் ஆண்டுக்காக நடந்த நிகழ்ச்சியோடு மேடையை விட்டு இறங்கினார். அதன்பின் குடும்பம், தர்மப் பணி, பிள்ளைகளின் கல்வி என்று வாழ்ந்தார். 1983இல் லண்டனில் இஸ்லாமியா ஆரம்பப் பாடசாலையை நிறுவினார். பல்லாண்டுகளுக்குப் பின் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிட்டார் அவரை மீண்டும் இசையின் பக்கம் திருப்பியது; 2006இல் புதிய பாடல் தொகுப்பு வெளியானது. இசை பற்றி மார்க்க அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருப்பதை நாம் அறிவோம். இங்கே நாம் பெறும் படிப்பினை வேறு. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த அந்த ஆண்டுகளை அவர் மேடைக்குக் கொடுக்கவில்லை. மேடை பிறகும் இருந்தது. பிள்ளைப் பருவம் காத்திருக்குமா?

அவரிடம் சேமிப்பு இருந்தது, நம்மிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆகவே நடைமுறைக்கு வருவோம்.

இல்லத்தரசி செய்ய வேண்டியவை

முதலில் கணக்கு. ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகள் எத்தனை, கைக்காசு வாங்கியது எவ்வளவு, அம்பிளிஃபயருக்கும் பெட்டிகளுக்கும் செலுத்த வேண்டிய தவணை எவ்வளவு என்று இருவரும் அமர்ந்து எழுதுங்கள். கொடுத்த வாக்கை நிறைவேற்றி, கடனை அடைத்த பின் விலகுவதே முஃமினுக்கு அழகு.

அடுத்து, தொழிலை முழுவதும் விட வேண்டுமென்பதில்லை. பகலில் நடக்கும் விளையாட்டுப் போட்டிகள், கூட்டங்கள், பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கி திருத்தம், வயர் வேலை என இரவைத் தொடாத வேலைகள் உண்டு. வேலை பழகிய ஒரு வாலிபருக்குச் சாமான்களைப் பங்கு முறையில் கொடுத்து, அவருக்கும் ஒரு பிழைப்பைக் காட்டலாம். சட்டமும் இரவைக் காக்கிறது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொதுவாகத் தடை விதித்தது. விலகவே முடியாத நிலையில் உள்ளவர்கள் வாரத்தில் இரண்டு இரவுகளையாவது வீட்டுக்கென்று ஒதுக்கட்டும். வேலையில் காதடைப்பான் அணியட்டும்.

மூன்றாவதுதான் மிகக் கடினம். பல வருடம் தனியாக வீட்டை நடத்திய நீங்கள் அவருக்கு இடம் விட வேண்டும்! பிள்ளைகள் எதற்கும் உம்மாவிடமே ஓடி வருவார்கள். அவர் வீட்டுக்குள் விருந்தாளி போல உட்கார்ந்திருப்பார். "வாப்பாவிடம் கேள்" என்று அனுப்பிவையுங்கள். சுபுஹுக்கு மகனை அழைத்துச் செல்வதையும், மஃரிபுக்குப் பின் ஓதல் கேட்பதையும் அவர் பொறுப்பில் விடுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்ததை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஆகவே அவர் காய்கறி நறுக்க வந்தால் கேலி செய்து விரட்டாதீர்கள். வருமானம் குறைந்ததைப் பிள்ளைகள் முன் சொல்லிக் காட்டவும் வேண்டாம். செலவைச் சுருக்கிய வீட்டில் பரக்கத் இறங்கும். மனம் சுருங்கிய வீட்டில் இறங்காது.

லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில், குரலைத் தாழ்த்திக்கொள் என்பதும் ஒன்று. வாழ்நாளெல்லாம் பிறர் குரலை உயர்த்திக் கொடுத்தவர், இனித் தாழ்ந்த குரலில் தன் பிள்ளையோடு பேசட்டும். அதைக் கேட்க அவர் காதில் இன்னும் வலு இருக்கும்போதே அந்த இரவு வரட்டும். அல்லாஹ் நம் ரிஸ்க்கில் பரக்கத் செய்து, நம் குடும்பங்களை ஒன்றுசேர்த்து வைப்பானாக! ஆமீன்.