வஞ்சி: ஒரு தலைநகர்ப் பெயரின் அடுக்குகள்

திருவனந்தபுரத்தில் வழக்குமன்றங்கள் அமைந்துள்ள பகுதிக்கு வஞ்சியூர் என்று பெயர். திருவிதாங்கூர் மன்னர்கள் 'வஞ்சிபால' என்னும் விருதினைத் தாங்கினர். அவ்வரசின் வாழ்த்துப் பாடல் வஞ்சீச மங்களம். சங்கச் சேரரின் தலைநகர்ப் பெயர் தென்கோடியில் இவ்வாறு வழங்குவதைக் கொண்டு அந்நகர் மேற்குக் கடற்கரையிலேயே இருந்திருக்க வேண்டும் எனக் கருதியோர் பலர். கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சிக்குளமே வஞ்சி என்பது அவர்தம் முடிபு. கரூரே வஞ்சி என இரா. இராகவையங்கார் 'வஞ்சிமாநகர்' என்னும் நூலில் நிறுவ முயன்றார். இவ்வழக்கினை மொழியியல் நோக்கில் காண்பது பயனுடைத்து.

சுந்தரர் தேவாரத்தில் இத்தலத்தின் பெயர் அஞ்சைக்களம் என்று வருகிறது. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. 'திரு' என்னும் உகர ஈற்றுச் சொல்லோடு அகர முதற்சொல் புணரும்போது வகர உடம்படுமெய் தோன்றும். ஆகவே திரு + அஞ்சைக்களம், திரு + வஞ்சைக்களம் ஆகிய இரண்டும் 'திருவஞ்சைக்களம்' என்ற ஒரே வடிவத்தையே தரும். அவ்வடிவத்தை மட்டும் கொண்டு எதையும் துணிய இயலாது. ஆனால் பதிகத்தில் இப்பெயர் 'பொழில்' என்னும் மெய்யீற்றுச் சொல்லை அடுத்து நிற்கிறது. அங்கு உடம்படுமெய்க்கு இடமில்லை. பெயரும் அகரத்திலேயே தொடங்குகிறது. எனவே வகரம் சொல்லின் உறுப்பன்று. பிற்காலத்தார் பிழைபடப் பிரித்ததனால் உடம்படுமெய் பெயரின் முதலெழுத்தாயிற்று. பழஞ்சேரர் தலைநகரின் நினைவு அதற்குத் துணைநின்றிருக்கலாம். களம் குளமாகியதும் இத்தகைய மக்கள் வழக்குச் சொற்பிறப்பே எனலாம்.

கரூர்ச் சான்றுகள் இவ்வாறு ஒலியொப்புமையைச் சார்ந்தவை அல்ல. புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் கோ ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ எனச் சேரர் மூன்று தலைமுறையினரைக் குறிக்கின்றன. கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனும் அங்கே இடம்பெறுகிறான். கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி, சேர வேந்தனின் இருக்கையாகக் கரூரா என்னும் உள்நாட்டு நகரைச் சொல்கிறார். புறநானூற்று 11ஆம் பாடல் வஞ்சியைப் பொருநையோடு இணைக்கிறது. அகநானூற்று 149ஆம் பாடலோ பேரியாற்றோடு முசிறியையே இணைக்கிறது. 2007இல் தொடங்கிய பட்டணம் அகழாய்வு வலுவூட்டியதும் முசிறியின் இருப்பிடத்திற்கே. துறைமுகத்தையும் தலைநகரையும் ஒன்றாக்கியதே பழைய வாதத்தின் குறை.

கரூரும் பெயர் மாற்றத்திற்குத் தப்பவில்லை. சோழர் காலத்தில் அது முடிவழங்கு சோழபுரமாயிற்று. கொடுங்கல்லூரோ மகோதை, மகோதயபுரம் என்னும் பெயர்களோடு கி.பி. 9 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை பெருமாள்களின் தலைநகராக விளங்கியது. அம்மரபினரின் குலசேகரப் பட்டத்தை வேணாட்டரசர் தமதாக்கிக் கொண்டனர். வஞ்சிப் பெயரும் அவ்வழியே தெற்கு வந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

மொழிபெயர்ப்பாளருக்கு எழும் இடர் வேறு. தமிழில் வஞ்சி நகர், கொடி, பாவகை, பகைவர் நாட்டின்மேற் படையெடுத்தலைக் குறிக்கும் புறத்திணை. மலையாளத்தில் அது முதற்கண் படகு. காணிக்கை இடும் பெட்டிக்கும் அப்பெயரே. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் நகர், செங்குட்டுவனின் வடதிசைப் படையெடுப்பு ஆகிய இருபொருளும் ஒருங்கே அமைகின்றன. மலையாளத்தில் தலைப்பை ஒலிபெயர்த்து மட்டும் வைத்தால் இரண்டாம் பொருள் மறைகிறது. 'சேரர் தலைநகர்க் காண்டம்' எனப் பொருள்பெயர்த்தாலும் மறைகிறது. ஒலிபெயர்த்து, திணைப்பொருளை அடிக்குறிப்பில் தருவதைவிட, காண்டத்தின் முன்னுரையிலேயே விளக்குவது ஏற்புடையது.