கிடை மறித்தல்

கிடை மறித்தல் என்பது, அறுவடை முடிந்த வயலில் ஆடுகளையோ மாடுகளையோ இரவில் அடைத்து வைத்து, அவற்றின் புழுக்கை, சாணம், சிறுநீர் ஆகியவற்றால் நிலத்தை வளப்படுத்தும் மரபு வேளாண் முறையாகும். கிடை போடுதல், கிடை அமர்த்துதல் எனவும் இது வழங்கப்படுகின்றது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இம்முறை உண்டெனினும், மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியிலும் அதனை அடுத்த சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களிலும் இது ஒரு தனி வாழ்க்கை முறையாகவே நிலைத்துள்ளது. கிடையை நடத்துபவர் ஆண்டின் பெரும்பகுதியைத் தம் வீட்டில் அன்றி, பிறருடைய வயலில் தம் விலங்குகளுடன் கழிக்கின்றார்.

சொல்லும் பழமையும்

"கிடத்தல்" என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் கிடை. விலங்குகள் இரவில் கிடக்கும் இடத்தையும், அங்குக் கிடக்கும் மந்தையையும் அது ஒருசேரக் குறிக்கும். ஆட்டு மந்தையை வழிநடத்தும் தலைவர் கீதாரி எனப்படுவார். இத்தொழிலில் இடையர் அல்லது கோனார் சமூகத்தவர் மிகுதி; பிற சமூகத்தவரும் உளர்.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் கிடைத்த 70 எலும்பு மாதிரிகளை ஆய்ந்தபோது, அவற்றுள் 53 விழுக்காடு பசு, காளை, எருமை, ஆடு ஆகியவற்றுக்கு உரியவை எனத் தெரியவந்தது. இவ்விவரத்தைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்டது. பிற்காலக் கோயில் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க நெய் அளப்பதற்காக ஆடுகள் கொடையளிக்கப்பட்ட செய்தி மிகுதியாகக் காணப்படுகின்றது. அவ்வாடுகளைக் கல்வெட்டுகள் "சாவா மூவாப் பேராடு" என்கின்றன. இறந்தவற்றுக்கும் முதிர்ந்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது மேய்ப்பவரின் கடமை. சாகாத ஆடு எங்கும் இல்லை. சாகாதது மந்தையின் கணக்கே. இன்றைய கீதாரியின் கவலையும் இதுவேயாகும்.

பருவமும் பாசனமும்

மதுரைச் சமவெளியின் கிடைக்காலத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வந்தது. 1959 இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்தது. பேரணை முதல் கள்ளந்திரி வரையான பகுதி இருபோகப் பாசனமும், மேலூர், திருமங்கலம் பகுதிகள் ஒருபோகப் பாசனமும் பெறுவன. ஒருபோக நிலத்தில் தை, மாசியில் அறுவடை முடிந்தபின் அடுத்த தண்ணீர் வரும்வரை பல மாதங்கள் வயல் வெறுமையாகக் கிடக்கும். அதுவே கிடைக்குரிய காலம். கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் மானாமதுரை, திருப்புவனப் பகுதிகளிலும் இதே நிலைதான்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் பயிர் நிற்பதால் மந்தைக்கு இடமிராது. அப்போது மேட்டுநிலம், கண்மாய்க்கரை, மலையடிவாரம் ஆகியவற்றை நாடிச் செல்வர். ஈரத்தில் நிற்கும் செம்மறிகளுக்குக் குளம்பு அழுகும். சிறு கடிப்பூச்சிகளால் பரவும் நீலநாக்கு நோயும் மழையை ஒட்டியே வரும். மேய்ப்பவர் அஞ்சுவது கோடையைவிட இந்த இரண்டு மாதங்களையே எனலாம்.

நாளாந்த நடைமுறை

கிடையின் நாள் இரவிலேயே தொடங்குகின்றது. மந்தை ஒரே இடத்தில் கிடந்தால் எரு ஓரிடத்தில் குவிந்துவிடும். ஆகவே நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ மேய்ப்பவர் எழுந்து, ஆடுகளை எழுப்பி வயலின் மற்றொரு பகுதிக்கு நகர்த்துவார். எழுந்த ஆடு உடனே புழுக்கையும் சிறுநீரும் கழிக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. எழுப்புவதன் நோக்கமும் அதுவே. நிலத்தின் உரிமையாளர் காலையில் வந்து பார்ப்பது எரு எவ்வளவு என்பதை மட்டுமன்று, அது சீராகப் பரவியுள்ளதா என்பதையும்தான்.

விடிந்ததும் குட்டிகளுக்குப் பாலூட்டும் வேலை. பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகள் மந்தையுடன் நடக்க இயலாமையால், அவை கவிழ்த்து வைத்த கூடுகளுக்குள் விடப்படுகின்றன. கூட்டைத் தூக்கியவுடன் குட்டிகள் தத்தம் தாயைக் குரலாலும் மணத்தாலும் கண்டுபிடித்து ஓடும். முதல் ஈற்று ஆடு சில வேளைகளில் தன் குட்டியை ஏற்காது. அதனைப் பிடித்து நிறுத்திப் பாலூட்ட வேண்டும். தாயை இழந்த குட்டியைப் பால் மிகுந்த வேறோர் ஆட்டிடம் பழக்குவதும் உண்டு. குடும்பத்துடன் செல்லும் கிடைகளில் இவ்வேலைகளைப் பெண்களே பெரிதும் செய்கின்றனர். சமையல், தண்ணீர் சுமத்தல், நோயுற்ற ஆட்டைக் கவனித்தல் ஆகியனவும் அவர்களுடையன. கிடையைப் பற்றிய பேச்சில் இவர்களுடைய உழைப்பு பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.

பனி காய்ந்தபின் மந்தை புறப்படும். கையில் தொரட்டியும் தூக்குவாளியில் கஞ்சியும் இருக்கும். வயல் தாள், வரப்புப் புல் ஆகியன முதல் உணவு. அவை குறையும் கோடையில் கருவேலம், வெள்வேல், உடை ஆகிய மரங்களின் நெற்றுகளைத் தொரட்டியால் உலுக்கிவிடுவர். நண்பகலில் கண்மாய்க்கரை மரநிழலில் ஆடுகள் தலையை ஒன்றன் வயிற்றடியில் ஒன்று புதைத்து நிற்கும். மேய்ச்சலில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் பல. வாடிய சோளத்தின் இளந்துளிரில் நஞ்சு உண்டு. மந்தை அதில் நுழைந்தால் சிறிது நேரத்தில் ஆடுகள் விழும். அண்மையில் மருந்து தெளித்த வயலும் அவ்வாறே. புதுமழைக்குப் பின் முளைத்த பசும்புல்லை அளவின்றி மேய்ந்தால் துள்ளுமாரி நோய் தாக்கக்கூடும். இதற்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசிகள் உள்ளன.

ஒரு மந்தையில் பலருடைய ஆடுகள் கலந்திருப்பதால் காது வெட்டு, சாயக்குறி ஆகியவற்றால் உரிமை அறியப்படுகின்றது. எனினும் அனுபவமுள்ள கீதாரிக்குக் குறி தேவைப்படுவதில்லை. மாலையில் மந்தை வலைக்குள் நுழையும்போதே எந்த ஆடு குறைகின்றது என்பதை அறிவார். இரவுக் காவலுக்கு நாய்கள் உண்டு. முற்காலத்தில் நரிக்கு அஞ்சினர்; இன்று தெருநாய்க் கூட்டங்களும் ஆட்டுத் திருடர்களும் பெரிய அச்சுறுத்தல்.

எருவின் பயன்

ஆட்டு எருவில் சராசரியாக 3 விழுக்காடு தழைச்சத்தும், 1 விழுக்காடு மணிச்சத்தும், 2 விழுக்காடு சாம்பற்சத்தும் உள்ளன. தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடே. ஆட்டு எரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டு எரு மறு ஆண்டு பலன் தரும் என உழவர் கூறுவர். வண்டியில் ஏற்றிக் கொணரும் எருவில் சிறுநீர் சேர்வதில்லை. கிடையில் அதுவும் நேரே மண்ணில் இறங்குகின்றது. ஆனால் வெயிலில் அதன் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும். எனவே கிடை எழுந்தவுடன் மேலோட்டமாக உழுதுவிட வேண்டும். உழவைத் தள்ளிப்போடுபவர் கொடுத்த கூலியில் ஒரு பங்கைக் காற்றில் விடுகின்றார். கிடைக்கூலி முன்பு நெல்லாக அளக்கப்பட்டது. இன்று எண்ணிக்கைக்கும் இரவுக்கும் ஏற்பப் பணமாக வழங்கப்படுகின்றது.

மாட்டுக் கிடை

சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் புலிக்குளம் மாடு, கிடைமாட்டு இனமாகும். கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இதனைத் தனி இனமாகப் பதிவு செய்துள்ளது. இம்மாடுகள் கொட்டகை அறியாதவை. மழையிலும் வெயிலிலும் திறந்த வெளியிலேயே கிடப்பவை. பால் குறைவு, அதுவும் பெரும்பாலும் கன்றுக்கே. எருவும் காளைக்கன்று விற்பனையுமே வருவாய். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களில் பாயும் காளைகள் பல இவ்வினத்தவை.

இதனால் ஏறுதழுவல் குறித்த வழக்குகள் கிடைக்காரரை நேரே தாக்கின. 2014 மே 7 இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது காளைக்கன்றுகளை வாங்குவோர் குறைந்தனர். 2017 சனவரிப் போராட்டத்தை அடுத்து மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18 இல் அரசியல் சாசன அமர்வு அதனைச் செல்லுமென அறிவித்தது. வாடிவாசலில் காளையைக் காண்போர் பலர். அதனை ஈன்ற பசு எவ்வயலில் கிடக்கின்றது என வினவுவோர் சிலரே.

மதுரை மாவட்டச் செம்மறி இனங்களுள் வாடிப்பட்டி வட்டத்துக் கச்சைகட்டி ஊரின் பெயர் கொண்ட கச்சைகட்டிக் கருப்பு ஆடு குறிப்பிடத்தக்கது.

ஓர் ஒப்பீடு

இசுக்காட்லாந்தின் வடக்கே, ஓர்க்னித் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த நார்த் ரொனால்ட்சே தீவில், 1832 இல் கரையைச் சுற்றி ஒரு கற்சுவர் எழுப்பப்பட்டது. பயிர் நிலத்துக்குள் ஆடுகள் வாராமல் தடுப்பதே நோக்கம். அங்குள்ள ஆடுகள் ஆண்டின் பெரும்பகுதி கடற்பாசியைத் தின்று வாழ்கின்றன. அங்கு வேலி ஆட்டை வயலுக்கு வெளியே நிறுத்துகின்றது. மதுரையிலோ வலை ஆட்டை வயலுக்கு உள்ளே நிறுத்துகின்றது. ஒரே விலங்கு ஓரிடத்தில் பயிருக்குப் பகையாகவும் ஓரிடத்தில் உரமாகவும் கொள்ளப்படுவது பருவத்தையும் நில உரிமையையும் பொறுத்ததாகும்.

இன்றைய நிலை

வேதியுரங்களின் பரவலால் கிடையின் தேவை குறைந்தது. ஆழ்குழாய்க் கிணறு உள்ள வயல்கள் தரிசாகக் கிடப்பதில்லை. மதுரையைச் சுற்றி வயல்கள் வீட்டுமனைகளாயின. மேய்ச்சல் புறம்போக்குகள் பிற பயன்களுக்குச் சென்றன. கண்மாய்களைச் சீமைக்கருவேலம் மூடியது. நான்கு வழிச்சாலைகளை மந்தையுடன் கடப்பது உயிர்ச்சேதம் விளைவிக்கும் செயலாகிவிட்டது. மறுபுறம், இயற்கை வேளாண்மையில் ஈடுபடுவோர் கிடையைத் தேடி வருவதும் உண்டு.

மலையடிவார மேய்ச்சலும் சிக்கலில் உள்ளது. 2021 இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதனைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கியது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சல் உரிமையை ஏற்கின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026 ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்துள்ளது.

இலக்கியத்தில்

கி. ராஜநாராயணனின் "கிடை" குறுநாவல் கரிசல் நிலத்து ஆட்டுக்கிடையைப் பின்னணியாகக் கொண்டது. அம்சன் குமார் இதனை "ஒருத்தி" என்னும் பெயரில் திரைப்படமாக்கினார். சு. தமிழ்ச்செல்வியின் "கீதாரி" புதினம் இடம்பெயரும் ஆட்டிடையர் குடும்பங்களின் வாழ்வைக் கூறுகின்றது.