நோட்டில் இருந்தது கணக்கு மட்டுமல்ல!

என் மகள், 9ம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு என்றாலே அவளுக்கு பயம். அதனால், பக்கத்து தெருவில் ஒரு டீச்சரிடம் டியூஷன் சேர்த்தோம். அந்த டீச்சர், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டு போட்டு, அன்றன்று என்ன தப்பு செய்தது, எது புரியவில்லை என்று குறித்து வைப்பார். இரண்டே மாதத்தில் நல்ல முன்னேற்றம்.

'இதை ஸ்கூல் மிஸ்சுக்கும் காட்டுங்களேன். இன்னும் கொஞ்சம் கவனிப்பாங்க...' என்று நான்தான் சொன்னேன். டீச்சரும் நல்ல எண்ணத்தில், நோட்டை போட்டோ எடுத்து, 'வாட்ஸ் ஆப்'பில் அனுப்பி விட்டார்.

மறுநாள் வகுப்பில், 'பின்னக் கணக்கே இன்னும் வரலையாமே உனக்கு?' என்று மிஸ் கேட்க, எல்லாரும் சிரித்திருக்கின்றனர். அதோடு விடவில்லை. 'வீட்டில் சண்டை, இரவு தூங்கவில்லை' என்று, என் மகள் சொன்னதை டீச்சர் ஒருநாள் எழுதி வைத்திருந்தாராம். அதைப் பற்றியும் எல்லார் எதிரிலும் விசாரித்திருக்கிறார்.

அன்றிலிருந்து டியூஷனில் இவள் வாயே திறப்பதில்லை. எதைக் கேட்டாலும், 'புரிஞ்சுது டீச்சர்...' தான்.

'ஏண்டி இப்படி?' என்றேன்.

'தெரியலைன்னு சொன்னா, அதையும் எழுதி அனுப்பிடுவாங்கம்மா...' என்றாள். எனக்கு சுருக்கென்றது. தெரியாததை கூச்சமில்லாமல் தெரியாது என்று சொல்லத்தானே டியூஷன்!

வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் புலம்பினேன். 'அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு, 2017லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சுக்கா. 2023ல் வந்த தகவல் பாதுகாப்பு சட்டத்திலும், 18 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க விவரத்துக்கு, பொதுவா அப்பா, அம்மா சம்மதம் வேணும்னு இருக்கு...' என்றான்.

சம்மதம் தந்ததே நான்தானே! மகளிடம் யார் கேட்டது?

அவளிடம் மன்னிப்பு கேட்டேன். டீச்சரிடமும் பேசினேன். அவரும் வருத்தப்பட்டார். இப்போது நோட்டில் சொந்த விஷயம் எதுவும் எழுதுவதில்லை. பள்ளிக்கு சொல்வதென்றால், 'காரணிப்படுத்துதலில் இன்னும் பயிற்சி தேவை' என்பது போல் ஒரே வரி. அதுவும், இவள் படித்து, 'சரி' என்ற பிறகே. போன வாரம், 'டீச்சர், இது புரியலை...' என்று மறுபடியும் வாய் திறந்து கேட்டாளாம்.

தோழிகளே... பிள்ளைகளின் நன்மைக்கே என்றாலும், அவர்களைப் பற்றிய விஷயத்தை அடுத்தவரிடம் கொடுக்கும் முன், அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்போமே!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.