கோவைக்கொடி: விதையா, தண்டா?

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தினர்க்கு வாடகை வீட்டுக் கொல்லையில் மரம் வைக்க மனம் துணிவதில்லை. தென்னை பாளை விடுமுன் மாற்றல் உத்தரவு வந்துவிடும். இத்தகையோர்க்கு ஏற்ற காய்கறி ஒன்று உண்டு. ஒருமுறை ஊன்றினால் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து காய்க்கும். வீடு மாறினாலும் ஒரு முழத் துண்டை நறுக்கி மூட்டை முடிச்சுகளோடு கொண்டு செல்லலாம். அதுவே கோவை. பழந்தமிழில் இதற்குத் தொண்டை என்றும் பெயர். இதன் பழத்தின் செம்மையைப் புலவர்கள் மங்கையர் இதழுக்கு உவமையாக்கினர். மலையாள நாட்டார் இதனைக் கோவல் என்பர்.

நாம் கொச்சியைச் சேர்ந்த வல்லார்பாடம் தீவில் குடிபுகுந்த ஆண்டில், ஊரிலிருந்து நம் அன்னையார் கோவை விதை அனுப்பிவைத்தார். பழத்தைப் பிசைந்து, சதை போக அலசி, நிழலில் உலர்த்திக் கடித உறையில் இட்ட விதைகள் அவை. மகிழ்ச்சியுடன் விதைத்தோம். முளைத்தவற்றுள் மூன்று தழைத்துப் பந்தலேறின. பல மாதங்கள் நீரூற்றினோம். வெள்ளைப் பூக்கள் நட்சத்திரம் போல் பூத்தன. ஆயினும் இரு கொடிகளில் ஒரு பிஞ்சும் இல்லை. மூன்றாவது கொடி காய்த்தது. ஆனால் காயோ வாயில் வைக்க இயலாத கசப்பு! “கறிக்காக வைத்த கொடியா, காட்சிக்காக வைத்த கொடியா?” என்று இல்லத்தரசி வினவியபோது நம்மிடம் விடை இல்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. பனையைப் போலவே கோவையிலும் ஆண் வேறு, பெண் வேறு. மனிதரைப் போல எக்ஸ், ஒய் என்னும் குரோமோசோம்களே கோவையின் பாலை நிர்ணயிக்கின்றன. ஆதலின் விதையில் முளைப்பனவற்றுள் ஏறக்குறையச் சரிபாதி ஆணாகிவிடும். பூக்கும்வரை கண்ணால் பார்த்து இனம் காண இயலாது. பூத்தபின் அறிவது எளிது: பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு போன்ற சூல்பை இருக்கும்; ஆண் பூவுக்கு வெறுங்காம்பே உண்டு. மேலும், விதைக்கன்று தாயின் குணத்தை அப்படியே கொள்வதில்லை. இனிய காயின் விதையும் கசப்புக் கொடியைத் தரக்கூடும். தண்டு அவ்வாறன்று, தாய்க்கொடி எதுவோ அதுவே அது.

இவ்வுண்மையை நமக்கு முதலில் உணர்த்தியவர் பக்கத்து வீட்டு அம்மச்சி. “விதை வேண்டா மோனே, வள்ளி நட்டால் மதி” என்று கூறித் தம் கொடியிலிருந்து இரண்டு துண்டுகள் நறுக்கித் தந்தார். அக்கொடியின் வரலாறு நம் நெஞ்சைத் தொட்டது. வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்திற்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைப்பதற்காகப் பல கிராமங்களில் 316 குடும்பங்கள் வீடு இழந்தன. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அம்மச்சியின் வீடும் அவற்றுள் ஒன்று. பாத்திரங்களை வாரிக்கொண்டு வெளியேறியபோது, வேலியிலிருந்த கோவைத் தண்டையும் ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தாராம். மாற்றிடம் பெறாத பல குடும்பங்கள் பல ஆண்டுகள் வாடகை வீடுகளில் காலந்தள்ளின. அவர் கொடியோ குடியிருந்த ஒவ்வொரு வீட்டிலும் மறுபடி வேர்விட்டது. முனையம் 2011-இல் திறக்கப்பட்டது. காயலின் மேல் 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாலமும் எழுந்தது. ரயில்வே உத்தியோகத்தில் ஊதியம் பெறும் நாம், அத்துண்டுகளைக் கைநீட்டி வாங்குகையில் சற்றே தலை குனிந்தோம். அம்மச்சி அதனைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இனி, நடும் முறையைக் கூறுவோம். நன்கு காய்க்கும் பெண் கொடியில், பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு ஒரு முழ நீளம் நறுக்குக. அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் தலைகீழாக நடும் பிழை நேராது. இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு ஊன்றி, நிழல் செய்து, ஈரம் காத்து வருக. இடவபாதி மழை தொடங்கும் காலம் மிக ஏற்றது, புரட்டாசியும் தகும். இத்தீவில் கோடையில் மண் உப்பேறும். மழை அவ்வுப்பைக் கழுவியபின், மண்ணை மேடாகக் கூட்டி, மக்கிய சாணம் கலந்து நடுதல் நலம். கழனித்தண்ணீரை வீணாக்காமல் ஊற்றலாம். இரண்டு மூன்று மாதங்களில் காய் பறிக்கலாம். பிஞ்சாகப் பறிக்கப் பறிக்கவே காய்ப்பு மிகும். ஆண்டுக்கொருமுறை பழங்கொடியைக் கவாத்து செய்தால் புதுக்கிளை விடும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘சுலபா’ என்னும் இனமும் தண்டு கொண்டே பெருக்கப்படுவது.

அப்படியாயின் விதை பயனற்றதோ? அன்று. புதிய இனம் காண விழையும் ஆராய்ச்சியாளர்க்கு விதையே வழி. நாம் வளர்த்த மூன்றும் விதையின் விளையாட்டே; பொறுமையும் பரந்த நிலமும் உடையார்க்கு அது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தாய்லாந்தில் இதன் தளிரைக் கீரையாக உண்பர். ஆனால் ஹவாய், குவாம் முதலிய தீவுகளுக்குச் சென்ற கோவை, மரங்களை மூடிப் படர்ந்து பெருங்களையாயிற்று. ஹவாயில் இதனை அடக்க 1996-இல் தண்டு துளைக்கும் அந்துப்பூச்சியை விடுத்தனர். ஆகவே கடல் கடந்து செல்லும் உற்றார் அந்நாட்டுச் சட்டம் அறியாமல் தண்டு கொண்டுசெல்லலாகாது.

இன்று நம் கொல்லைப் பந்தல் நிறையக் காய்க்கிறது. அன்னையார் வந்திருந்தபோது காயைக் கடித்துப் பார்த்து, “நம்மூர்க் கொடிதானே?” என்றார். நாம் அம்மச்சி வீட்டைச் சுட்டினோம். ஊர் திரும்பும் நாளில் அவர் பையில் ஈரத்துணி சுற்றிய துண்டுகள் இரண்டு இருந்தன. நம் சங்கத்து அன்பர்களும் அடுத்த மாதக் கூட்டத்திற்கு வருகையில், வீட்டில் காய்க்கும் கொடியிலிருந்து ஒரு துண்டு கொணர்ந்து, இல்லாதவர்க்கு ஈவார்களாக.