சொற்களால் ஆன குகை

விடை தெரிந்துவிட்ட விடுகதையை யாரும் மறுமுறை கேட்க விரும்புவதில்லை. ஆனால், விடையெல்லாம் தெரிந்த பின்னரும் பலர் திரும்பத் திரும்ப ஆடி மகிழும் விடுகதை ஒன்று உண்டு. 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' என்னும் பழைய கணிப்பொறி விளையாட்டே அது. அதில் அப்படி என்ன இன்பம்? சற்று ஆராய்வோம்.

இவ்விளையாட்டில் படம் இல்லை, ஒலி இல்லை, எழுத்து மட்டுமே உண்டு. நாம் ஒரு சிறிய செங்கல் கட்டடத்தின் அருகே நிற்பதாகக் கணிப்பொறி கூறும். 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்பன போன்ற சிறு கட்டளைகளை நாம் ஆங்கிலத்தில் இட வேண்டும். கணிப்பொறி அச்சொற்களைத் தன் பட்டியலில் தேடி, நிகழ்ந்ததை எழுத்திலேயே தெரிவிக்கும். இவ்வாறு குகைக்குள் இறங்கிப் புதையல் தேடுகிறோம்.

இதை முதலில் எழுதியவர் அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநரான வில் கிரௌதர். அவரும் அவர் மனைவி பட்ரீசியாவும் குகைகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டவர்கள். கென்டக்கி மாநிலத்து மாமத் குகையும் பிளின்ட் ரிட்ஜ் குகைகளும் ஒன்றோடொன்று இணைந்தவை என்று 1972இல் கண்டறிந்த குழுவில் பட்ரீசியாவும் இருந்தார். பின்னர் அவர்களுடைய மணவாழ்வு முறிந்தது. தம் இரு மகள்களையும் பிரிந்து வாட நேர்ந்த தந்தை, அவர்கள் ஆடி மகிழ்வதற்காக, 1975-76ஆம் ஆண்டுகளில் தாம் அறிந்த குகையையே சொற்களில் வடித்துக் கொடுத்தார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் உட்ஸ் அதனை விரிவாக்கினார். முழு மதிப்பெண் 350 ஆயிற்று.

முதன்முறை ஆடும்போது நாம் திகைத்துப் போவோம். குகையில் ஒரு சிறு பறவை. பிடிக்கப் போனால் அஞ்சி விலகும். நம் கையிலுள்ள கறுப்புக் கோலைக் கண்டே அது அஞ்சுகிறது! கோலைக் கீழே வைத்தால் கூண்டில் அகப்படும். பிறகு, வழிமறிக்கும் பெரும் பாம்பை அச்சிறு பறவையே விரட்டிவிடும். எல்லா அறைகளும் ஒன்றுபோல் தோன்றும் சுழல்வழியிலோ, அறைக்கொரு பொருளை அடையாளமாகப் போட்டுத் தாளில் வரைபடம் வரைந்தால்தான் வெளியேற முடியும். இதற்கிடையே விளக்கின் மின்கலமும் தீர்ந்துகொண்டே வரும்.

மறுமுறை ஆடும்போது அச்சம் அகன்று அன்பு பிறக்கிறது. பறவையை நெருங்கும் முன்பே கோலை வைத்துவிட்டு நமக்குள் சிரித்துக்கொள்கிறோம். விடுமுறைக்குப் பாட்டி வீட்டிற்குச் செல்லும்போது, எந்த அறை எங்கே என்று இருட்டிலும் நம் கால்களுக்குத் தெரியுமல்லவா? அதுபோலத்தான் இதுவும். அன்று வியப்பளித்த கணிப்பொறிப் படங்கள் இன்று பழசாகத் தோன்றலாம். ஆனால் இக்குகையின் படங்களை வரைந்தது நம் மனமன்றோ! அவை எப்படிப் பழசாகும்?

விடைகளைத் தேடும் அவசரம் தீர்ந்த பின்னரே இன்னொன்றும் நமக்குப் புலனாகிறது. தாம் நடந்த இருள்வழிகளில் தம் மக்களின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல விரும்பிய ஒரு தந்தையின் மனமே அது. அதற்கு அவருக்குச் சொற்களே போதுமானவையாக இருந்தன.

தோழியரே! நம் பெற்றோரும் தாங்கள் நடந்த வழிகளை நமக்குச் சொல்லக் காத்திருக்கிறார்கள். முன்பே கேட்ட கதைதானே என்று எழுந்து போகாமல், இன்னொரு முறை அமர்ந்து கேட்போமாக!